எரிமலையின் ஒப்பனை அறை

எரிமலை என்றால் எல்லோருக்கும் முன்பக்கம்தான் தெரியும். புகை, சாம்பல், ராத்திரியில் செக்கச்செவேலென்று வழியும் குழம்பு. நாடகக் கொட்டகையில் முன்வரிசை டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கிற காட்சி அது. எனக்கோ சின்ன வயதிலிருந்தே ராஜபார்ட் மேடைக்கு வருவதற்கு முன்னால் எங்கே உட்கார்ந்து அரிதாரம் பூசுகிறார் என்பதில்தான் கண்ணெல்லாம். எரிமலைக்கும் அப்படி ஓர் ஒப்பனை அறை உண்டு. அது பூமிக்குள்ளே இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இன்றைக்கு உயிரோடு இருக்கிற எந்த எரிமலையிலும் அந்த அறைக்குள் ஒருவரும் நுழைய முடியாது. ஆனால், போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் மூணாறு வண்டி ஏறினால், அரை மணி நேரத்தில் அப்படிப்பட்ட ஓர் அறைக்குள் போய்விடலாம். சத்தியமாகத்தான் சொல்கிறேன்!

முதலில் மேடையைப் பார்த்துவிடுவோம். இந்தியாவில் இப்போதும் குமுறிக்கொண்டிருக்கிற எரிமலை ஒன்றே ஒன்றுதான். அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பேரன் தீவு. குறுக்களவு மூன்று கிலோமீட்டர்தான். உயரம் 354 மீட்டர். இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கிவிடாதீர்கள். தண்ணீருக்குக் கீழே இன்னும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்கிக் கடல்தரையில் கால் ஊன்றி நிற்கிற மலை அது. நாம் பார்ப்பது உச்சந்தலையை மட்டும். முன்னொரு காலத்தில் அதன் உச்சி இடிந்து உள்ளே விழுந்ததில் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரும்பள்ளம் உண்டானது. அந்தப் பள்ளத்தின் நடுவே சாம்பலும் கல்லுமாகக் குவிந்த ஒரு கூம்பு. மேற்குப் பக்கச் சுவர் உடைந்து கிடப்பதால், கூம்பிலிருந்து வழிகிற குழம்பு அந்த வாசல் வழியாக நேரே கடலில் போய் இறங்கும்.

இந்தத் தீவு வெடித்ததாக எழுதிவைக்கப்பட்ட முதல் ஆண்டு 1787. இரண்டு வருடம் கழித்து, யார் பெயரில் போர்ட் பிளேர் அமைந்ததோ அந்த ஆர்ச்சிபால்ட் பிளேரே நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சில தடவை பொங்கியது. பிறகு கப்சிப். 1885இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எஃப். ஆர். மாலட் இந்தத் தீவையும் பக்கத்துத் தீவான நார்கொண்டாமையும் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியபோது, கூம்பு புகைந்துகொண்டிருந்ததே தவிரப் பொங்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்துவிட்டு, 1991 மார்ச்சில் திடீரென்று எழுந்தது பாருங்கள், அப்புறம் உட்காரவே இல்லை. 1994, 2005 என்று விட்டுவிட்டுப் பொங்கிக்கொண்டே இருக்கிறது. 2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவன விஞ்ஞானிகள் தீவுக்கு அருகே கப்பலை நிறுத்திக் கடல்தரை மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரேயே சாம்பல் கிளம்பியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று சின்னச் சின்ன ஆட்டம். பகலில் சாம்பல் மேகம் மட்டும் தெரிந்தது. இருட்டியதும் கூம்பின் வாயிலிருந்து சிவப்பு நீரூற்றுகள்! கடலடி மண் எடுக்கப் போனவர்களுக்கு இப்படி ஒரு கொடுப்பினை.

சரி, இந்த நெருப்பைப் பற்றவைத்தது யார்? பதில் கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள். தண்ணீர்! போடியையும் மதுரையையும் நம் எல்லோரையும் தூக்கிக்கொண்டு வருடத்துக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறதே இந்தியத் தட்டு, அதன் கிழக்கு விளிம்பு வங்காள விரிகுடாவின் அடியில் அந்தமானுக்குக் கீழே செருகிப் புதைகிறது. கடலில் ஊறிய பாறை அது. ஆழம் போகப்போக, பாறைக்குள் பிணைந்திருந்த நீர் பிழிந்து வெளியேறி மேலே இருக்கிற சூடான பாறைக்குள் கசிகிறது. நீர் பட்டால் பாறை உருகும் வெப்பநிலை மளமளவென்று குறைந்துவிடும். வெப்பம் ஏறவே வேண்டாம், ஈரம் பட்டாலே போதும், கல் உருகத் தொடங்கும். அந்த உருகல்தான் மேலே வந்து பேரன் தீவில் 1,100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வெளியே குதிக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உருகியதில் வெளியே வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி வழியிலேயே தங்கி, பூமிக்குள்ளேயே இறுகிவிடுகிறது. அதன் சூட்டில் அக்கம்பக்கத்துப் பாறைகளெல்லாம் வெந்து குணம் மாறுகின்றன. அங்கே என்னதான் நடக்கிறது? மனிதன் தோண்டியதிலேயே மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. வருடக்கணக்கில் துளைத்தும் 12,262 மீட்டரோடு நின்றுபோனது. நமக்கு வேண்டிய அறை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழத்தில்.

இப்போது போடிக்கு வாருங்கள்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டரில் இருக்கிறது. மேற்கே திரும்பினால் சுவர் எழுப்பினாற்போல மலை. முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் பிடிக்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. வெயிலில் காய்ந்த முள்ளும் புதரும் பின்னால் போய், புலியூத்துப் பக்கம் ஈரக்காற்று முகத்தில் அடிக்க, மேலே போடிமெட்டில் இறங்கும்போது ஸ்வெட்டர் தேடவேண்டியிருக்கும். அதற்குள் ஆயிரம் மீட்டர் ஏறியிருப்போம். வண்டியில் வருகிறவர்கள் எல்லோரும் பள்ளத்தாக்குப் பக்கம்தான் தலையை நீட்டுகிறார்கள். காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நிஜமான அதிசயம் இன்னொரு பக்கத்தில், சாலை போடுவதற்காக மலையை வெட்டிய சுவரில், கையெட்டும் தூரத்தில் நிற்கிறது.

நான் போன ஜீப்பை ஓட்டிய தம்பிக்கு இது தாங்கவில்லை.

“என்னக்கா, எல்லாரும் வியூ பாக்க நிறுத்தச் சொல்லுவாக. நீங்க செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக?”

“கல்லப் பாக்கத்தான் தம்பி வந்தேன்.”

“இது வெறும் கருங்கல்லுக்கா. ஊருல அஸ்திவாரத்துக்குப் போடுறது.”

அந்தக் கருங்கல்லேதான்! மழைக்கு உதிர்ந்து ஓரத்தில் கிடந்த ஒரு சில்லை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெளித்தோல் தேன் கலந்த பழுப்பு. மழையும் காற்றும் தின்ற இடம். புதிதாய் உடைந்த முகம் முற்றிலும் வேறு. சாம்பலும் பச்சையும் நீலமும் கலந்த ஒரு கருமை, எண்ணெய் தடவினாற்போல வழுவழு மினுக்கம். இன்னும் கிட்டத்தில், கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தால் தனித்தனி மணிகள் பிரிந்து தெரியும். கண்ணாடித்தனமாக, லேசான நீலம் ஓடியது வெங்கச்சங்கல். பச்சை சாய்ந்த, தட்டையான முகத்தோடு பளிச்சென்று வெளிச்சம் அடிப்பது ஃபெல்ட்ஸ்பார். இரண்டுக்கும் நடுவே கருப்பட்டி நிறத்தில் குட்டையாக உட்கார்ந்திருக்கிறது ஒரு கனிமம். அதுதான் ஹைபர்ஸ்தீன். இந்த நாடகத்தின் கதாநாயகன் அவர்தான். சில இடங்களில் கடுகளவு, மிளகளவு சிவப்புக் கார்னெட் மணிகளும் பதிந்திருக்கும். பார்த்தால் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். வனத்துறை இடம், கை வைக்கக் கூடாது.

இந்தப் பாறையின் பெயர் சார்னோக்கைட். தமிழ்நாட்டுக்காரக் கல். பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் இதைத் தனி இனமாக அறிவித்தார். கொல்கத்தாவின் ஜாப் சார்னாக் கல்லறைமேல் இருக்கிற பலகைக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது, இதே இனம். அதனால் சார்னாக் பெயரையே வைத்துவிட்டார். உலகத்தில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும், அண்டார்டிகாவானாலும் நார்வேயானாலும், நம்மூர்க் கல்லின் பெயர்தான் அதற்கு. எனக்கு இதில் கொள்ளைப் பெருமை.

ஹைபர்ஸ்தீனைக் கதாநாயகன் என்றேன் அல்லவா? காரணம் இருக்கிறது. சாதாரணக் கிரானைட்டில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் அப்பிரகமோ ஆம்ஃபிபோலோதான். இரண்டுமே தம் உடம்புக்குள் நீரைப் பிணைத்து வைத்திருப்பவை. பாறையை ஆழத்தில் தள்ளி 700, 800 டிகிரிக்குச் சூடேற்றினால் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. உடைந்து, நீரைக் கைவிட்டு, நீரே இல்லாத ஹைபர்ஸ்தீனாக உருமாறுகின்றன. பிரிந்த நீரை ஏந்திக்கொண்டு உருகிய பகுதி மேலே கிளம்பிவிடும். அடியில் மிஞ்சுவது வறண்ட கல். வறண்டுவிட்டதால் அதற்குமேல் எவ்வளவு சூடேற்றினாலும் லேசில் உருகாது.

நான் துள்ளுவது ஏன் என்று இப்போது புரியும். பேரன் தீவில் நீர் உள்ளே நுழைந்தது, பாறை உருகிக் குதித்தது. போடி மலையில் நீர் வெளியேறியது, பாறை உருகாமல் நின்றது. தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டியில் சாஃபிரின் என்ற அபூர்வக் கனிமம் கொண்ட பாறைகள் இருக்கின்றன. பழனிமலை அடிவாரத்து இந்தச் சின்ன ஊரின் பெயர் உலகப் புவியியல் ஆய்விதழ்களில் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. கனிமங்களின் சேர்க்கையை வைத்துக் கணக்குப் போட்டதில், அந்தப் பாறைகள் 900 டிகிரியையும் தாண்டி, ஏறத்தாழ ஆயிரம் டிகிரியை எட்டிப்பிடித்தவை என்று தெரியவந்தது. எரிமலைக் குழம்பின் சூட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு! அத்தனை சூட்டிலும் கல் கல்லாகவே இருந்திருக்கிறது.

அந்த அறையில் அடித்த காற்றைக்கூடப் பார்க்கலாம். தென்னிந்திய சார்னோக்கைட்டை முடியைவிட மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், வெங்கச்சங்கல் மணிகளுக்குள்ளே பொடிப்பொடியாகக் குமிழிகள் தெரியும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. சில குமிழிகளுக்குள் இன்னொரு குட்டிக் குமிழி ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே அடைபட்டிருப்பது நீரில்லை, கார்பன் டை ஆக்ஸைடு. வெளியே விடாமல் கோடிக்கணக்கான வருடம் அழுத்திப் பிடிக்கப்பட்டதால் திரவமாகவே கிடக்கிறது. ஆழத்திலிருந்து வந்த கார்பன் டை ஆக்ஸைடுதான் நீரை விரட்டிப் பாறையை உலர்த்தியது என்று ஒரு கட்சி. நீரை வாங்கிக்கொண்டு போனது உருகல்தான் என்று இன்னொரு கட்சி. கேரளத்தின் பொன்முடியிலும் கர்நாடகத்தின் கப்பால்துர்காவிலும் கல்குவாரிச் சுவர்களில் சாம்பல்நிறப் பட்டைப்பாறைக்கு நடுவே திட்டுத்திட்டாக, நரம்புநரம்பாகக் கரும்பச்சை சார்னோக்கைட் பரவியிருப்பதைக் காட்டி இரண்டு கட்சியும் பல பத்தாண்டுகளாக மல்லுக்கு நிற்கின்றன. எனக்கு இரண்டு கட்சியுமே பிடிக்கும். ஒரே மலையில் ஓரிடத்தில் இப்படியும் இன்னோரிடத்தில் அப்படியும் நடந்திருக்கலாம் என்று இப்போது பலரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

எப்போது நடந்தது இதெல்லாம்? இதற்குச் சாட்சி சொல்ல சிர்கான் என்ற மணி இருக்கிறது. மணல்துகள் அளவுதான். பிறக்கும்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். பாதி மாறுவதற்கே 447 கோடி ஆண்டு பிடிக்கும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைத்துவிடும். மதுரை வட்டாரப் பாறைகளின் சிர்கான் மணிகளை அறுத்துப் பார்த்தால் மரத்தைப்போல வளையங்கள். சில மணிகளின் நடுக்கரு 250 கோடி ஆண்டுப் பழசு. அதைச் சுற்றிப் படிந்த மேல்வளையம் 55 கோடி ஆண்டு. ஒரே மணியில் இரண்டு காலம்! கல் பிறந்தது அன்றைக்கு. மறுபடி உலையில் போய் வந்தது இன்னொரு நாள்.

அந்த இரண்டாவது நாளில் என்ன கூத்து நடந்தது தெரியுமா? ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, கிழக்கு அண்டார்டிகா எல்லாம் ஒன்றோடொன்று மோதி ஒட்டி, கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவாகிக்கொண்டிருந்தது. நிலத்தில் ஒரு புல்கூட முளைக்காத காலம். மோதலில் மேலே பெரும் மலைத்தொடர்கள் எழுந்தன. அவற்றின் அடிவயிற்றில் நம் போடிக் கல் வெந்துகொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து தெற்கே அச்சன்கோவில் வரை நீளும் இந்த நிலத்துண்டைப் புவியியலாளர்கள் மதுரைப் பாளம் என்கிறார்கள். இலங்கையின் கண்டி மலைநாட்டிலும் மடகாஸ்கரின் தெற்கிலும் இதன் உடன்பிறப்புகள் இருக்கின்றன. கண்டிப் பக்கத்துச் சாலைச் சுவரில் ஒரு சில்லைப் பொறுக்கி, போடிமெட்டுச் சில்லோடு கலந்துவிட்டால் எது எதுவென்று கண்டுபிடிக்க நிபுணர்தான் வரவேண்டும்.

மேலே நின்ற அந்த மலைகள் எங்கே? எல்லாம் கரைந்தாயிற்று. மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிட்டன. மேலே பாரம் குறையக்குறைய, அடியில் இருந்தது மெல்ல எழும்பும். எழும்ப எழும்ப மறுபடி அரிப்பு. இப்படியே இருபது முப்பது கிலோமீட்டர் உரிந்துபோய், அடியறை வெட்டவெளிக்கு வந்துவிட்டது. மேடையும் இல்லை, கொட்டகையும் இல்லை, ஒப்பனை அறை மட்டும் வெயில் காய்கிறது. அதன்மேல் ஏலச்செடி நட்டிருக்கிறோம்!

இத்தோடு நெருப்பு இந்த மலைகளை விட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். கோண்டுவானா உடைந்து, கடைசியாக மடகாஸ்கரும் நாமும் ஒட்டியிருந்தோம். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஒட்டும் பிய்ந்தது. அடியிலிருந்து வந்த ஒரு வெப்ப ஊற்றின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்த நேரம் அது. மடகாஸ்கரில் எரிமலைக் குழம்பு பெருவெள்ளமாகப் பாய்ந்தது. நம் பக்கம் அதில் ஒரு துளி மிச்சம் இருக்கிறது. உடுப்பிக்கு அருகே மால்பே கடற்கரையிலிருந்து படகில் போனால் வரும் செயின்ட் மேரீஸ் தீவுகளில், எரிமலைப் பாறை ஆறுபட்டைத் தூண்களாக இறுகி வரிசைகட்டி நிற்கும். வெப்ப ஊற்று அங்கேயே தங்கிவிட்டது, நாம்தான் வடக்கே வந்துவிட்டோம். அந்த ஊற்று இன்றைக்கு எங்கே புகைகிறது? அண்டார்டிகா போகும் வழியில், தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவின் அடியில். பெங்குவின்களும் ஆல்பட்ராஸ்களும் குடியிருக்கிற, ஊர் என்று ஒன்றுமே இல்லாத தீவு. 1980இல்கூட வெடித்திருக்கிறது. ஏலமலையின் மேற்குச் சரிவுக்கு அப்பால் அரபிக்கடல் கிடப்பதற்கும், அந்தக் குளிர்த்தீவு புகைவதற்கும் மூலம் ஒன்றே!

இன்னொரு தீவையும் சொல்லாமல் நகர மனமில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்தை மூடிய தக்காணக் குழம்பு வேறோர் ஊற்றிலிருந்து வந்தது. அது இப்போது இருப்பது ரியூனியன் தீவின் அடியில். அங்கே பிட்டோன் த லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை அடிக்கடி பொங்குகிறது. 2007 ஏப்ரலில் அதன் உச்சிப் பள்ளம் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பேரன் பேத்திகள் அந்த எரிமலையின் மடியிலேதான் இன்றும் தீமிதி நடத்துகிறார்கள்.

நம் போடி மலைக்கே திரும்புவோம். அதன் கிழக்குச் சுவர் எவ்வளவு செங்குத்து என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டவர்கள் தேயிலைக்காரர்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908இல் குட்டி ரயில் பாதை போட்டுத் தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். அங்கே வந்ததும் தரை தீர்ந்துபோகிறது! 1,700 மீட்டர் உயரத்தில் மலை விளிம்பு. கீழே குரங்கணி, கொட்டகுடி. ரயிலை இறக்க வழியே இல்லை. கம்பிவடம் கட்டித்தான் பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து போடி வந்து, பிறகு தூத்துக்குடித் துறைமுகம். 1924இன் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. போடிக்கு மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் வந்தது 1928இல். அகலப்பாதை வேலைக்காகப் பல வருடம் நின்றிருந்த ரயில் 2023 ஜூனில் மறுபடி ஊருக்குள் கூவியது.

இந்தக் கல்லின் உறுதி இயற்பியல்காரர்களின் கண்ணிலும் பட்டது. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகத்திலேயே முதல்முறையாகப் பதிவுசெய்த அணிகளில் இந்திய அணியும் ஒன்று. அந்தச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, நியூட்ரினோ ஆய்வுக்கு இன்னோர் இடம் தேடினார்கள். விண்ணிலிருந்து மழையாகக் கொட்டும் மற்ற துகள்களை வடிகட்ட, தலைக்குமேல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் விரிசலில்லாத பாறை வேண்டும். நீலகிரியின் சிங்காரா கிடைக்காமல் போக, போடி மேற்கு மலை, பொட்டிபுரம் கிராமத்தை ஒட்டிய பகுதி, தேர்வானது. ஒரே கட்டியான சார்னோக்கைட் என்பதுதான் காரணம். சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முனையில் 50,000 டன் இரும்பாலான கருவி என்று திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள். வெடிவைத்தால் ஊற்றுக்கண் அடைபடுமோ, முல்லைப் பெரியாறு பக்கம் இருக்கிறதே, காடு என்னாகும் என்பது அவர்கள் கவலை. வழக்குகள் நடந்தன. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காட்டுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழி இது என்று சொல்லி, 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதி மறுத்துவிட்டது. நான் நியூட்ரினோவையும் நேசிக்கிறேன், ஆனால் ஊற்றுக்கண்ணைப் பற்றிய பயத்தை அறியாமை என்று தள்ள மாட்டேன். இந்த மலையில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நீங்களும் தள்ள மாட்டீர்கள்.

சார்னோக்கைட்டுக்குள் நீர் இல்லை, நீர் புகவும் இடமில்லை. மழைநீர் தங்குவதெல்லாம் பாறையின் வெடிப்புகளிலும், பாறை மக்கி உண்டான மேல்மண்ணிலும்தான். மேலேறும் வழியில் வெட்டுச்சுவரில் அதையும் காணலாம். கீழே கருங்கல், அதற்கு மேல் வெடிப்பு வழியாக நீர் இறங்கி மூலைகளைத் தின்றதில் உருண்டையாகிப்போன பாறைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் தோல்தோலாக உரியும் பழுப்பு, அதற்கும் மேலே செம்மண், உச்சியில் இலைச்சருகு மக்கிய கறுப்பு மண். ஏலச்செடியின் வேர் அந்தக் கறுப்பு மண்ணில்தான் ஓடுகிறது. ஆழமாகப் போகாது. செடிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கினால் அழுகிவிடும். சரிவில் மக்கிய இந்தப் பாறைமண் நீரைப் பிடித்தும் வைக்கிறது, வடித்தும் விடுகிறது. 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஹைபர்ஸ்தீனுக்குள் போய்ச் சேர்ந்த இரும்பும் மக்னீசியமும், துருப்பிடித்துக் கரைந்து, ஏலச்சரத்தின் அடிமண்ணில் வந்து சேர்ந்திருக்கின்றன. பறித்த காய் தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்து மூட்டை மூட்டையாகப் போடிக்கு இறங்குகிறது. ஏல மையத்தில் கம்ப்யூட்டர் திரையில் விலை ஏறி இறங்குகிறது. அடியில் இருக்கிற கல்லுக்கு ஒரு ரூபாய் பங்கு கொடுக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றும்!

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மழை பெய்யும் நாளில் வெட்டுச்சுவர் பக்கம் நிற்காதீர்கள். புலியூத்துப் பகுதியில் பாறை உருள்வதும் போக்குவரத்து நிற்பதும் அடிக்கடி நடக்கிறது. மலையேற முடியாதவர்கள் ஊரிலேயே கொட்டகுடி ஆற்றுப் படுகைக்குப் போகலாம். கோடையில் தண்ணீர் வற்றியதும் குரங்கணிப் பக்கமிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வந்த அத்தனை இனக் கல்லும் மழமழவென்று அங்கே பரப்பிக் கிடக்கும். கரும்பச்சை சார்னோக்கைட், கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடிய பட்டைப்பாறை, வெள்ளை வெங்கச்சங்கல். நனைத்துப் பாருங்கள், நிறம் தூக்கலாகத் தெரியும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் ஓரம் பிடித்துவிடுங்கள். இடது பக்கமா வலது பக்கமா என்று சண்டை வேண்டாம். பதினேழு வளைவிலும் மலை மாறி மாறி இரண்டு பக்கமும் வரும்.